பதினோரு விநாடியில் எட்டாம் எண்

மகளின் அறைக் கதவை அவர் மூன்றாவது முறையாகத் தட்டினார். "எனக்குப் பசிக்கலப்பா" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அவர் பசியைப் பற்றிக் கேட்கவே இல்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து எதைக் கேட்டாலும் அவள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"விடுங்க, தூங்கட்டும்" என்றாள் மனைவி. "அந்தப் பேப்பரை மட்டும் அவ கண்ணுல படாம எங்கயாவது வைங்க."

அவர் பேப்பரைக் கொண்டுபோய்த் தன் தலையணைக்கு அடியில் வைத்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, மனசு கேட்காமல் வெளியே எடுத்துப் பிரித்தார். விளையாட்டுப் பக்கத்தில் ஆறு நாட்டு மகளிர் கூடைப்பந்து இறுதிப் போட்டியின் புள்ளிவிவரத்தைக் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். எழுபத்தொன்றுக்கு எழுபது. ஒரே ஒரு புள்ளியில் கோப்பை பக்கத்து நாட்டுக்குப் போய்விட்டது. நம் அணிப் பட்டியலில் எட்டாம் எண்ணுக்கு நேரே பத்தொன்பது புள்ளி, ஏழு ரீபவுண்ட், ஐந்து அசிஸ்ட் என்று வரிசையாக நல்ல சேதியாகவே வந்து, கடைசிக் கட்டத்தில் 'பந்து இழப்பு: 1' என்று முடிந்திருந்தது. மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு: 'பதினோரு விநாடி இருக்கையில் பந்தைக் கோட்டைவிட்டது எட்டாம் எண்.'

எட்டாம் எண் அவருடைய மகள். அந்த ஒன்றைப் பதிவு செய்தவர் அவர்.

அவருடைய வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கூடைப்பந்துச் சங்கத்தில் புள்ளிவிவரம் எடுக்க இரண்டு பேர் உண்டு. ஆடுகளத்தை ஒட்டிப் போட்ட மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். ஒருவர் ஆட்டத்தைப் பார்த்துச் சொல்வார், மற்றவர் கேட்டுக் கணினியில் தட்டுவார். சொல்கிறவர் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். "நாலு, ரெண்டு புள்ளி, விழுந்தாச்சு. ஒன்பது, ரீபவுண்ட். அஞ்சு குடுக்க எட்டு போட்டாச்சு" என்று நாற்பது நிமிஷமும் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். தட்டுகிறவர் நம் ஆள். சொல்கிறவர் திரையைப் பார்க்கக் கூடாது, தட்டுகிறவர் ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது. தட்டுகிறவர் ஒரு கணம் தலையைத் தூக்கி வேடிக்கை பார்த்தால் இரண்டு பதிவு போய்விடும்.

ஒன்பது வருஷமாக ஆடுகளத்துக்கு மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கூடை விழுந்து அவர் பார்த்ததில்லை. குனிந்த தலை நிமிராமல் வந்து, நிமிராமல் போவார். ஐம்பத்திரண்டு வயதில், மீசையும் தொப்பையுமாக இருந்த மனிதருக்குச் சங்கத்தில் 'புதுப்பொண்ணு' என்று பெயர் விழுந்தது இப்படித்தான்.

நாலு வருஷத்துக்கு முன் மகள் அணிக்குத் தேர்வானபோது, அப்பாவே புள்ளிவிவரம் எடுப்பது சரியா என்று யாரோ கிளப்பினார்கள். சங்கச் செயலாளர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "பொண்ணைப் பாத்தாத்தானேய்யா பாரபட்சம்? அந்த மனுஷன்தான் பாக்கறதே இல்லையே."

பார்க்கவும் இல்லை. மேசையில் பெயர் கிடையாது, எண்தான். நாலு வருஷமாக மகளை அவர் எட்டாகத்தான் அறிந்திருந்தார். விசைப்பலகையில் எட்டு என்ற எண்ணே தேய்ந்துபோயிருந்தது. வீட்டுக்கு வந்தால், "இன்னிக்கு எட்டுக்கு பதினாலு" என்பார். பார்வையாளர் வரிசையில் நின்று தொண்டை கட்டும் வரை கத்திவிட்டு வந்த மனைவி, "எட்டாவது, பத்தாவது. பெத்த பொண்ணுங்க அவ" என்பாள்.

அணியில் சேர்ந்த புதிதில் ஒருநாள் மகள் ஓடிவந்து, "அப்பா, நான் திரும்பி நின்னு பின்பக்கமா போட்டேனே, பாத்தீங்களா?" என்று கேட்டாள். "பதிவு பண்ணிட்டேன்மா" என்றார் அவர். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள் என்பதே அவருக்கு உறைக்க ரொம்ப நாளாயிற்று.

நேற்று நடந்தது இதுதான். முப்பது விநாடி இருக்கும்போது எட்டு ஒரு கூடை போட, வித்தியாசம் ஒன்றாகக் குறைந்தது. அடுத்து எதிரணி எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் திரும்பியது. "அஞ்சு, ரீபவுண்ட்" என்றார் மாஸ்டர். அதோடு மாஸ்டரின் வாய் நின்றுவிட்டது. ஒன்பது வருஷத்தில் நிற்காத வாய். நம் ஆள் விரலைத் தூக்கிவைத்துக்கொண்டு ஒரு விநாடி காத்தார், இரண்டு விநாடி காத்தார். சத்தமே இல்லை. என்னவோ ஏதோ என்று தலையைத் தூக்கிவிட்டார்.

மாஸ்டருக்கு நேர் எதிரே நம் பயிற்சியாளர் கோட்டுக்கு வந்து, கையை விரித்து நின்றிருந்தார். அவருடைய முதுகு ஒரு கதவு அகலம். மாஸ்டருக்கு அந்த முதுகைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த தொலைக்காட்சிக் கேமராவுக்கும் அதே கதிதான். நம் ஆளுக்கு மட்டும் பயிற்சியாளரின் முழங்கைக்குக் கீழே ஒரு சந்து கிடைத்தது. அந்தச் சந்தில் மகள் தெரிந்தாள்.

முடி அவிழ்ந்து, முகமெல்லாம் வியர்வை. கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் செருப்பு வார் மாட்டும்போது இப்படித்தான் கடிப்பாள். இவ்வளவு உயரமாகிவிட்டாளா என்று அவருக்குத் தோன்றியது. ஒரு கணத்துக்கு அவருக்கு ஆட்டம், மேசை, திரை எல்லாம் மறந்துபோயிற்று. பிறகு 'ஓ' என்று அரங்கமே அலறியது. பந்து எதிரணியின் நாலாம் எண்ணிடம் இருந்தது. மிச்சமிருந்த பதினோரு விநாடியும் அவர்கள் கையிலேயே ஓடி மணி அடித்தது. முடிந்தது.

"யாரு மாஸ்டர்? பந்தை விட்டது யாரு?"

"நீதானய்யா பாத்துட்டு இருந்த. எனக்கு முதுகுதான் தெரிஞ்சுது."

அவர் பார்த்தது உண்மை. ஆனால் பந்தைப் பார்க்கவில்லை. ஐந்து கொடுத்ததே கோணலாகப் போயிருந்தால் தவறு ஐந்துடையது, கைக்கு வந்து நழுவியிருந்தால் எட்டுடையது. அவருக்குத் தெரியாது. திரையோ 'பந்தை இழந்தவர் யார்?' என்று கேட்டுத் துடித்துக்கொண்டிருந்தது. விரல் பழக்க தோஷத்தில் தானாகப் போய் எட்டை அழுத்திவிட்டது. அடுத்த நிமிஷம் தாள் அச்சாகி, பத்திரிகைக்காரர்கள் கையில் இருந்தது.

"வியாழக்கிழமை வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆள் எடுக்கறாங்களாம்" என்றாள் மனைவி, அவர் கையிலிருந்த பேப்பரைப் பார்த்து. "கமிட்டிக்காரங்க கடைசி நிமிஷத்தைத்தான் பாப்பாங்களாம். கை நடுங்கற பொண்ணுன்னு முடிவு கட்டிட்டா நாலு வருஷ உழைப்பும் போச்சு."

புள்ளிவிவரத்தில் பிழை இருந்தால் மூன்று நாளுக்குள் திருத்தலாம் என்று விதி இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோப்பு பூட்டிக்கொள்ளும். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

சங்க அலுவலகம் அரங்கத்தின் படிக்கட்டுகளுக்கு அடியில் இருந்தது. கூரை சரிவாக இருக்கும், நிமிர்ந்து நடந்தால் தலையில் இடிக்கும். அந்த அலுவலகத்துக்காகவே பிறந்தவர் நம் ஆள். கணினியைத் திறந்து, அந்தப் பந்து இழப்பை எட்டின் கணக்கிலிருந்து நீக்கினார். யாரென்று தெரியாதபோது 'அணி' என்று பொதுவாகப் போடலாம். அப்படியே போட்டார். பொய்யில்லை. பாரம் இறங்கியது போல இருந்தது.

மத்தியானம் செயலாளர் போன் செய்தார்.

"புதுப்பொண்ணு, என்னய்யா பண்ணி வெச்சிருக்கே? அவங்க நாலாம் நம்பர் நேத்து அஞ்சு தடவை பந்தைப் பறிச்சாளாம். இந்தப் போட்டி வரலாற்றுலயே அதுதான் அதிகமாம். இப்ப பாத்தா நாலுதான் இருக்காம்."

"அது… யாரு இழந்தாங்கன்னு பேர் இல்லன்னா, யாரு பறிச்சாங்கன்னும் பேர் நிக்காதுங்க. கம்ப்யூட்டர் தானா எடுத்துடும்."

"கோப்பையைத் தூக்கிக் குடுத்தாச்சு. இப்ப அவ சாதனையையும் பிடுங்கிட்டோம்னு கடிதம் வந்திருக்கு. நமக்கு வயித்தெரிச்சலாம். சாயங்காலத்துக்குள்ள அவளுக்கு அது திரும்பிப் போகணும்."

திரும்பக் கொடுக்க வேண்டுமானால், யாரிடமிருந்து பறித்தாள் என்று எண் போட வேண்டும். எட்டைப் போட மாட்டார். ஐந்தைப் போடலாமா என்று யோசித்தார். ஐந்து அணித்தலைவி, அவளுக்கும் வியாழக்கிழமை உண்டு. ஊரார் பிள்ளை தலையில் கட்டுவதா? பட்டியலை மேலும் கீழுமாகப் பார்த்தார். பதினொன்றின் வரிசை கண்ணில் பட்டது. ஆட்டநேரம் பூஜ்யம், புள்ளி பூஜ்யம், எல்லாம் பூஜ்யம். போட்டி முழுக்கப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த பெண். இந்த வரிசையை எவன் படிக்கப்போகிறான், மூலையில் ஒரு ஒன்று கிடந்தால் என்ன என்று பதினொன்றைப் போட்டார்.

'இந்த ஆட்டக்காரர் களத்தில் இல்லை' என்று சிவப்பில் எச்சரிக்கை வந்தது. கீழே 'பரவாயில்லை' என்றொரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினார்.

எவனும் படிக்க மாட்டான் என்று நினைத்த வரிசையை மறுநாள் ஊரே படித்தது.

'உட்கார்ந்த இடத்திலேயே பந்தைப் பறிகொடுத்த வீராங்கனை' என்று பேப்பரில் தலைப்பு. கூடவே ஒரு கேலிச்சித்திரம். பெஞ்சில் ஒரு பெண் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறாள், எதிரணிக்காரி ஐம்பதடி நீளத்துக்குக் கையை நீட்டி அவள் மடியிலிருந்து பந்தை எடுக்கிறாள்.

மனைவி இரண்டு நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். பிறகு சட்டென்று முகம் சுருங்கியது. "பாவங்க. நம்ம வீட்டுக்கு வருமே, அந்தப் பொண்ணுதானே இது? எந்தக் கிறுக்கன் இப்படிப் போட்டான்?"

"கம்ப்யூட்டர் கோளாறா இருக்கும்" என்றார் அவர், காபியைப் பார்த்துக்கொண்டே.

"கம்ப்யூட்டர் உங்ககிட்டதானே இருக்கு?"

அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மகளின் அறை வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். உள்ளே யாருடனோ தணிந்த குரலில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். இவர் தட்டியதும் பேச்சு நின்றது.

"அம்மாடி, பேப்பர் பாத்தியா? உம்மேல இருந்த பழி போயிடுச்சு."

"யாருக்குப்பா போச்சு?" என்றாள் அவள்.

தானும் பசிக்கவில்லை என்றே சொல்லிவிடலாமா என்று அவருக்குத் தோன்றியது.

பதினொன்றைப் பெஞ்சிலிருந்து காப்பாற்ற அவருக்கு ஒரே வழிதான் தெரிந்தது. அவளைக் களத்தில் இறக்கிவிடுவது. களத்தில் இருப்பவள் பந்தைக் கோட்டைவிட்டால் யாரும் கேலிச்சித்திரம் போட மாட்டார்கள். அலுவலகத்துக்குப் போய், நாற்பது விநாடி இருக்கும்போது பதினொன்று உள்ளே வந்ததாக ஒரு மாற்றத்தைப் பதிவு செய்தார். சிவப்பு எச்சரிக்கை மறைந்தது. வேறொரு நிறத்தில் இன்னொரு எச்சரிக்கை வந்தது. வீட்டு ஞாபகத்தில் அதைப் படிக்காமலே 'பரவாயில்லை' என்று அழுத்திவிட்டுக் கிளம்பினார். அந்த மென்பொருளில் அந்தப் பொத்தானை வைத்தவன் நன்றாக இருக்கட்டும்.

புதன்கிழமை காலை அலுவலகத்தில் செயலாளர் நின்றுகொண்டே பேசினார். சரிந்த கூரை அவர் தலையில் இரண்டு முறை இடித்தும் அவர் உட்காரவில்லை. மாஸ்டர் ஒரு ஸ்டூலில், தான் எந்த வம்புக்கும் போகாதவன் என்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

"ஒருத்தி உள்ள வந்தா ஒருத்தி வெளிய போகணும்யா. நீ வெளிய யாரையும் அனுப்பல. கடைசி நாப்பது விநாடி நம்ம பக்கம் ஆறு பேர். சர்வதேசச் சங்கத்துல இருந்து விளக்கம் கேட்டிருக்காங்க. அதுகூடப் பரவாயில்ல. ஆறு பேரை வெச்சு ஆடியும் தோத்திருக்கோம்னு உலகம் பூரா தெரிஞ்சுபோச்சு."

"ஒருத்தரை எடுத்துடறேங்க."

"எதையாவது எடு. பத்து நிமிஷத்துல எனக்கு அஞ்சு பேர் வேணும்."

பத்து நிமிஷம் என்று யாராவது சொன்னால் அவருக்கு மூளை வேலை செய்யாது, விரல்தான் வேலை செய்யும். ஐந்து பேரில் யாரை எடுப்பது? அப்போது அவருக்கு ஒரு பிரமாதமான யோசனை வந்தது. எட்டை எடுத்துவிட்டால்? களத்திலேயே இல்லாதவள் எப்படிப் பந்தை விடுவாள்? கமிட்டியில் எந்தக் கொம்பன் கேட்டாலும் அந்த நேரத்தில் அவள் ஆடவே இல்லை என்று தாள் சொல்லும். நாற்பதாவது விநாடியில் எட்டு வெளியே, பதினொன்று உள்ளே. அழுத்தினார். எல்லா எச்சரிக்கையும் அணைந்து திரை அமைதியானது.

செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "எழுபத்தொண்ணுக்கு அறுபத்தெட்டா? ரெண்டு புள்ளி எங்கய்யா?"

அவரும் பார்த்தார். முப்பதாவது விநாடியில் எட்டு போட்ட கூடையைக் காணோம். எட்டு களத்தில் இல்லாததால் கணினி அதையும் சேர்த்து எடுத்துவிட்டிருந்தது. அவள் பத்தொன்பதும் பதினேழாகியிருந்தது.

"ஒரு புள்ளியில தோத்தோம்னு சொல்லித்தான் ரெண்டு நாளா மனசைத் தேத்திக்கிட்டு இருந்தேன்" என்றார் செயலாளர். "அதையும் கெடுத்துட்ட."

மாஸ்டர் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து திரையைப் பார்த்தார். அவர் திரையைப் பார்ப்பதே அன்றுதான் முதல்முறை. ரொம்ப நேரம் பார்த்தார். கேலி செய்யப் போகிறார் என்று நம் ஆள் நினைத்தார்.

"அந்தக் கூடையைப் போயா அழிச்ச?" என்றார் மாஸ்டர். "முப்பத்தஞ்சு வருஷமா இந்த ஆட்டத்தைப் பாக்கறேன். ரெண்டு பேர் கையைப் புடிச்சு இழுக்கறாங்க. இடது கையால, கீழ விழுந்துட்டே போட்டா உன் பொண்ணு. வளையத்துல படாம உள்ள போச்சு. அதைப் பாத்துட்டும் 'எட்டு, ரெண்டு புள்ளி'ன்னுதான் உன்கிட்ட சொல்ல முடிஞ்சுது."

"எனக்கு நீங்க சொன்னதுதான் தெரியும் மாஸ்டர்."

"அது தெரியும்யா. அதான் எனக்கு வருத்தமே."

நம் ஆள் விசைப்பலகையைத் தள்ளி வைத்துவிட்டார். பிறகு முதல் நாளிலிருந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். தலையைத் தூக்கியது, பந்தைப் பார்க்காதது, விரல் தானாக எட்டுக்குப் போனது, அதை மறைக்கப் போய் மற்றது எல்லாம். பெற்ற பெண் தலையில் பழியைப் போட்டுவிட்டோமே என்கிற வேதனையில், அவள் போட்ட கூடையையும் அழித்து, வாயில்லாத இன்னொரு பெண்ணையும் சந்தியில் நிறுத்தியாயிற்று. சொல்லி முடித்தபோது அவருக்கு மூக்கு அடைத்திருந்தது.

செயலாளர் கடைசியாக உட்கார்ந்தார். "எனக்கு மூணு வழி சொல்லாதே, ஒரு வழி சொல்லு. நடந்தது நடந்தபடி இருக்கணும். பந்தை விட்டது யாருன்னு கண்ணால பாத்த ஒருத்தர் சொல்லணும். அஞ்சு மணிக்குள்ள."

"அஞ்சாம் நம்பரைக் கேக்கலாமே" என்றார் மாஸ்டர்.

"கேட்டாச்சு. 'நான் குடுத்தேன், திரும்பி ஓடிட்டேன், பாக்கல'ங்கறா. உன் பொண்ணு என்ன சொல்றா?"

"பசிக்கலைங்கறா" என்றார் நம் ஆள்.

மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, போட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றினார். எட்டைக் களத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தார். கூடை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. எழுபத்தொன்றுக்கு எழுபது. அந்தக் கூடை வந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். இடது கை என்று மாஸ்டர் சொன்னாரே, இடது கையால் அவள் எப்போது போடக் கற்றாள் என்றுகூட அவருக்குத் தெரியாது. பதினொன்றைப் பெஞ்சில் உட்காரவைத்தார். கடைசியில் பழைய கேள்வி மட்டும் மிச்சமிருந்தது: 'பந்தை இழந்தவர் யார்?'

நாலேகாலுக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். பதினொன்று நின்றிருந்தாள். ஒல்லியான, அமைதியான பெண். மகளின் தோழி. வீட்டுக்கு வந்தால் செருப்பை ஓரமாக, ஜோடியாக விடுகிறவள்.

"அங்கிள், ஒரு சின்ன விஷயம்" என்றாள். "என் வரிசையைப் பழையபடி பூஜ்யமாக்கிடறீங்களா?"

அவர் எழுந்து நின்றார். நின்ற வேகத்தில் கூரை தலையில் இடித்தது. "ஆக்கிட்டேன்மா. இப்பதான் ஆக்கினேன். என்னை மன்னிச்சிடும்மா. நான் பண்ணது பெரிய தப்பு."

"பரவாயில்ல அங்கிள். போட்டி பூரா நான் ஒரு நிமிஷம்கூட ஆடல. அது எனக்கே தெரியும். ஆனா ஆடாதவ ஆட்டத்தைக் கெடுத்தான்னு பேர் வேண்டாம். ஆடாதவங்கற பேரே போதும்."

இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவரால்தான் சிரிக்க முடியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார். அவள் பெஞ்சின் கடைக்கோடியில் இருந்தவள். அங்கிருந்து பார்த்தால் பயிற்சியாளரின் முதுகு குறுக்கே வராது. இது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து தேடிய சாட்சியைப் பிடித்துத்தான் குற்றவாளியாக்கியிருக்கிறார்.

"நீ பாத்தியாம்மா? அன்னிக்குப் பந்தை விட்டது யாரு?"

அவள் தயங்கினாள். "எட்டுதான் அங்கிள். அஞ்சு குடுத்த பாஸ் நேரா அவ கைக்குத்தான் போச்சு. ரெண்டு கையும் நீட்டிக்கிட்டுத்தான் இருந்தா. பந்து கையில பட்டு நழுவிடுச்சு."

விரல் சரியாகத்தான் போயிருக்கிறது. முதல் நாள் போட்டதே சரி. மூன்று நாளாகச் செய்த அத்தனையும் தண்டம். அவர் மெதுவாக எட்டை அழுத்தினார். தாள் பழையபடி ஆயிற்று. மணி நாலு இருபத்தைந்து.

"அவ கையில இருந்து கடைசி நிமிஷத்துல பந்து நழுவினதே இல்ல" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. "நாலு வருஷத்துல ஒரு தடவைகூடக் கிடையாது. எனக்குத் தெரியாம இருக்குமா? நான்தானே பதிவு பண்றேன். இந்த ஒரு தடவை நழுவினதை நான் போட்டதுக்கு அவ எம்மேல கோவமா இருக்கா. இருக்கட்டும். வீட்டுக்குப் போய் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

"கோவமா? உங்க மேலயா?" பதினொன்று அவரை வினோதமாகப் பார்த்தாள். "அய்யோ, இல்ல அங்கிள். பேசினா வாய் தவறி உங்ககிட்டச் சொல்லிடுவோமோன்னுதான் அவ ரூமை விட்டே வரல. என்னையும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா."

"எதை?"

அவள் திரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஏன்டி விட்டேன்னு அன்னிக்கு மேட்ச் முடிஞ்சு திரும்பும்போது பஸ்ஸுல கேட்டேன் அங்கிள். 'இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் எங்கப்பா தலையைத் தூக்கி என்னைப் பாத்தாரு, நானும் அவரையே பாத்துக்கிட்டு நின்னுட்டேன், அப்புறம் பந்தை யாருடி பாக்கறது'ன்னு சொன்னா."